புது பார்ட் போட்டதும் சிஸ்டம் படுத்துகிச்சா? கடைக்கு தூக்கிகினு ஓடறதுக்கு முன்னாடி இத பாருங்க

கத்திரி வெயில்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு காட்பாடில இருந்து அக்கா பையன் போன் பண்றான், "மாமா, கிராபிக்ஸ் கார்டு போட்டேன், ஃபேன்லாம் சுத்துது, மானிட்டர்ல ஒன்னுமே வரல, கார்டு டெட்டு போல"ன்னு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்டா வாங்கின கார்டு, பில்லு கெடையாது, இன்னா பண்றது. வேலூர் சத்துவாச்சாரில இருந்து வண்டிய எடுத்துகினு பாலாத்து பாலம் தாண்டி போயி பாத்தா, கார்டு பாட்டுக்கு கீது, பய மானிட்டர் கேபிள மதர்போர்டோட எச்டிஎம்ஐ ஓட்டையில சொருவிட்டு உக்காந்துகினு கீறான். கழட்டி கார்டுல சொருவினேன், படம் வந்துடுச்சு. அக்கா போட்ட டீ ஆறக்கூட இல்ல.

புது பார்ட் மாத்தின ஒடனே வர்ற கோளாறுல பாதிக்கு மேல இப்படிதான், நான் பாத்த வரைக்கும். புது பார்ட் செத்துப்போயி வந்தது கம்மி, நாம உள்ள கைய விட்டப்போ எது ஆடிச்சு, எத திருப்பி மாட்ட மறந்தோம், அதான் விஷயம். அதனால மொத வேலையா புதுச கழட்டிட்டு பழசயே திருப்பி போட்டு ஆன் பண்ணுங்க. ஓடுச்சுன்னா மத்ததெல்லாம் நல்லாகீது, புது பார்ட்டு, அதுக்கு வேண்டிய கரண்ட்டு, பயாஸ் (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி போர்டுலயே ஓடற சாஃப்ட்வேர்), இந்த மூணுல தேடினா போதும். பழசு போட்டும் ஓடலன்னா உங்க கை பட்டு ஏதோ கழண்டுகிச்சு, 24 பின் பெரிய கனெக்டர், பிராசசர் பக்கத்துல இருக்கற 8 பின், ரேம், பவர் பட்டன்ல இருந்து வர்ற குட்டி ஒயரு, எல்லாத்தையும் ஒரு தடவ நல்லா அமுத்தி விடுங்க.

கைய வைக்கறதுக்கு முன்னாடி பிளக்க புடுங்கிட்டு பவர் பட்டன பத்து செகண்ட் அமுத்தி புடிங்க, உள்ள மிச்சம் இருக்கற கரண்ட் எறங்கிடும். அப்பறம் கேபினட்டோட பெயிண்ட் அடிக்காத இரும்பு எதையாவது தொட்டுக்கங்க, நம்ம ஒடம்புல இருக்கற ஸ்டாடிக் போவட்டும். பிளக் போட்டு இருக்கும்போதே கேபினட்ட தொட்டா சுர்ருன்னு இழுக்குதுன்னா அது வேற கத, நம்ம பக்கம் பழைய வீடுங்கள்ல சுவிட்ச் போர்டுல மூணாவது ஓட்ட இருக்கும் ஆனா பின்னாடி எர்த் ஒயர் இருக்காது. மொதல்ல எலக்ட்ரீசியன கூப்புடுங்க, சிஸ்டம் அப்பறம்.

ரேம்தான் ரொம்ப தொல்ல குடுக்கும். புது ரேம் போட்டு கறுப்பா நின்னுச்சுன்னா ரெண்டையும் கழட்டிட்டு ஒன்னே ஒன்ன மட்டும் போட்டு பாருங்க, அப்பறம் அதே ஸ்லாட்ல இன்னொன்ன. கிளிப் டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுத்தணும், பயந்துகினு பாதியில விடறதுதான் நெறைய பேர் பண்றது. பழைய ரேம்னா தங்க கலர் கோடு இருக்குல்ல, அத பசங்க பென்சில் ரப்பரால மெதுவா தேச்சு தூள தொடச்சிட்டு போடுங்க. வாயால ஊதாதீங்கபா, எச்சில் தெறிக்கும், சின்ன பெயிண்ட் பிரஷ் போதும். நாலு ஸ்லாட் இருக்கற போர்டுல ரெண்டு ரேம் போடறதுன்னா பிராசசர்ல இருந்து எண்ணி பெரும்பாலும் 2வதும் 4வதும். ரேம்ல டிடிஆர்3, 4, 5ன்னு தலமொற இருக்கு, மூணுக்கும் நடு வெட்டு வேற வேற எடத்துல இருக்கும், உக்காரலன்னா முட்டி மோதி அமுத்தாதீங்க. லேப்டாப்ல ஒரு ஏமாத்து வேல இருக்கு, 1.5 வோல்ட் டிடிஆர்3 உம் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் உம் ஒரே மாதிரி உக்காரும், ஆனா 1.35 மட்டுமே ஏத்துக்கற லேப்டாப் மத்தத சீண்டாது. டிடிஆர்5 போட்டவங்க மொத தடவ ஆன் பண்ணிட்டு சும்மா இருங்க, ரேம போர்டு பழகிக்க சில நிமிஷம் கூட ஆவும், ஸ்கிரீன் கறுப்பாவே இருக்கும், நடுவுல ஆஃப் பண்ணீங்கன்னா மறுபடியும் மொதல்ல இருந்து.

சிஸ்டம் ஆன் ஆவுது ஆனா அடிக்கடி நீல ஸ்கிரீன் வருதா, பயாஸ்ல எக்ஸ்எம்பிய (ரேம வேகமா ஓட விடற செட்டிங்) ஆஃப் பண்ணி பாருங்க, பழசும் புதுசும் வேற வேற ஸ்பீடுன்னா சண்ட வரும். அப்பவும் வருதுன்னா கரண்ட் போவாத ராத்திரியா பாத்து மெம்டெஸ்ட்86ன்னு ரேம டெஸ்ட் பண்ற சாஃப்ட்வேர ஓட விட்டுட்டு தூங்குங்க.

நம்ம மாப்ள கத முடியல. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி போன், "மாமா, டெஸ்க்டாப்ல நல்லாதான் கீது, கேம் போட்ட ஒடனே பட்டுன்னு ரீஸ்டார்ட் ஆவுது". அவன் வாங்கினது ஆர்எக்ஸ் 580, கார்டு மட்டுமே 185 வாட் இழுக்கும். மதர்போர்டு ஸ்லாட் குடுக்கறது 75 வாட், 6 பின் ஒயரு இன்னொரு 75, 8 பின்னா 150. இவன்கிட்ட இருந்தது கேபினட்டோட சும்மா வந்த எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு கரண்ட் குடுக்கற பொட்டி), ஸ்டிக்கர்ல 450ன்னு போட்டு இருக்கும், கையில தூக்கினா காலி டிபன் பாக்ஸ் மாதிரி லேசா இருக்கும். 8 பின் ஒயரே அதுல கெடையாது, பய பழைய ஹார்டு டிஸ்க் ஒயருல அடாப்டர் போட்டு ஒப்பேத்தி வச்சிருக்கான். அந்த அடாப்டர் உருகி நாத்தம் வர்றதுக்குள்ள பாத்தது நல்லதா போச்சு. நல்ல எஸ்எம்பிஎஸ் மாத்தினோம், அவ்ளோதான். இன்னொன்னு, பிராசசர் ஒயரும் கார்டு ஒயரும் ரெண்டுமே 8 பின்தான், முன்னது 4+4 ஆ பிரியும், பின்னது 6+2 ஆ பிரியும், மாத்தி சொருவாதீங்க.

பிராசசர் மாத்தினவங்களுக்கு: போர்டு பயாஸ் பழசா இருந்தா புது பிராசசர அதுக்கு தெரியாது. ஏஎம்டியோட பி450 போர்டுல ரைசன் 5000 பிராசசர் போடறவங்க பழைய பிராசசர வச்சே பயாஸ் அப்டேட் பண்ணிட்டு அப்பறம் மாத்தணும், யுபிஎஸ் இல்லாம அந்த வேலைய தொடவே தொடாதீங்க, நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டே போச்சு. இன்டெல் பிராசசர் பேருக்கு கடைசில எஃப் இருந்தா உள்ள டிஸ்ப்ளே கெடையாது, கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் வேணும். கூலர் அடியில ஒட்டி வர்ற பிளாஸ்டிக் பேப்பர கிழிச்சீங்களா? சிரிக்காதீங்க, நானே ஒரு தடவ கிழிக்காம போட்டு அஞ்சு நிமிஷத்துல ஆஃப் ஆவுது ஆஃப் ஆவுதுன்னு மண்டைய ஒடச்சுகினு இருந்தேன், வேலூர் வெயில்தான் காரணம்னு வேற நெனச்சேன்.

எஸ்எஸ்டி சுலபம். மை கம்ப்யூட்டர்ல தெரியலன்னா டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போயி இனிஷியலைஸ் பண்ணுங்க, பயாஸ்லயே தெரியலன்னா ஸ்லாட் எந்த வக எஸ்எஸ்டிக்கு, என்விஎம்இயா சாட்டாவான்னு மேனுவல்ல பாருங்க. சில போர்டுல எம்.2ன்னு சொல்ற பட்டையான ஸ்லாட்ல எஸ்எஸ்டி போட்டா ஒரு சாட்டா போர்ட் தானா செத்துடும், பழைய டிஸ்க் காணாம போச்சுன்னா அதான்.

எதுவும் ஒத்துவரலன்னா போர்டுல இருக்கற காசு மாதிரி பேட்டரி, சிஆர்2032, பிளக்க புடுங்கிட்டு அத அஞ்சு நிமிஷம் கழட்டி வச்சு போடுங்க, பயாஸ் செட்டிங்லாம் பழைய நெலைக்கு வந்துடும். அதுக்கப்பறம் விண்டோஸ் வரலன்னா பூட் ஆர்டரையும் சிஎஸ்எம் (பழைய மொறையில பூட் பண்ற செட்டிங்) ஆன்னா ஆஃபான்னும் பாருங்க. பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி) போட்டு வச்சவங்க அந்த 48 நம்பர் ரெகவரி கீய மொதல்லயே ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க, இல்லன்னா அழுவணும்.

கருகின வாசன, பிராசசர் பின் வளஞ்சது, கெப்பாசிட்டர் தல உப்பினது, இதுக்குலாம் நோண்டாம கடைக்கு போங்க. போகும்போது பழைய பார்ட்டயும் கையோட எடுத்துகினு போங்க, மாத்தி மாத்தி போட்டு பாக்க அதுதான் வேணும். நம்ம மாப்ள புது கார்டு வந்த அன்னிக்கே பழச எழுநூறு ரூபாய்க்கு ஃப்ரெண்டுக்கு வித்துட்டான், அப்பறம் டெஸ்ட் பண்ண அந்த ஃப்ரெண்டு வீட்டுக்கே போயி வாங்கிகினு வந்தோம்.