கிரைண்டர் நிற்பதற்குள் ஒரு கதை

கோயமுத்தூரில் பீளமேட்டுப் பக்கம் ஒரு கிரைண்டர் பட்டறையில் முப்பத்தொரு வருசம் வேலை பார்த்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மாவாட்டும்போது மகள் வயிற்றுப் பேரனையும் பேத்தியையும் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ராஜா கதை, நரி கதை எல்லாம் தீர்ந்துபோனதும் வீட்டுச் சாமான்களை யார், எப்படிச் செய்தார்கள் என்ற கதைகளைக் கையில் எடுத்தேன். இந்தக் கதைகளைச் சொல்வதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது.

பெயரையும் வருசத்தையும் முதலில் சொல்லாதீர்கள். சொன்னால் பையன் செல்போனைத் தேடிப் போய்விடுவான். அந்தச் சாமான் இல்லாத காலத்தில் என்ன தொல்லை இருந்ததோ, அங்கே தொடங்குங்கள். முடிந்தால் அந்தத் தொல்லையைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் பழைய ஆட்டாங்கல் ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கழுவி, ஒரு கைப்பிடி ஊறிய உளுந்தைப் போட்டு, "ஆட்டு சாமி" என்றேன். வலது கையால் குழவியைச் சுற்ற வேண்டும், இடது கையால் மாவை உள்ளே தள்ளிவிட வேண்டும். விரல் நசுங்கிவிடும், பக்கத்திலேயே உட்காருங்கள். இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை, "கையெல்லாம் கடுக்குதுங் அப்புச்சி" என்றான். சரி, தொல்லை புரிந்துவிட்டது.

இப்போதுதான் கேள்வியைப் போட வேண்டும். "இதுக்கு மோட்டார் மாட்டுனா எதைச் சுத்த விடுவே?" இரண்டு பேரும் ஒரே குரலில் "குழவியை" என்றார்கள். கை சுற்றியது அதைத்தானே! அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், ஓடிக்கொண்டிருந்த எங்கள் பழைய பெரிய கிரைண்டரின் மூடியைத் திறந்து காட்டினேன். குழவி இருந்த இடத்திலேயே உருள்கிறது, கல்லுரல் சுற்றுகிறது. பேத்தி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அட, மாத்திச் சுத்துதுங்!" என்றாள். உரலையே சுற்றவிட்டால் மாவு தானாகக் குழவிக்கு அடியில் வந்துவிடும், தள்ளிவிடும் கைக்கு வேலை குறைந்துபோகும். 1955இல் கோயமுத்தூரில் பி. சபாபதி என்பவர் கிரைண்டரைச் செய்தார் என்று அதற்கப்புறம் சொன்னேன். யாரும் எழுந்து போகவில்லை.

ஒரு கதை முடிந்தால் அதற்குப் பின்னால் இன்னொன்று காத்திருக்கும். கிரைண்டருக்கு மோட்டார் எங்கிருந்து வந்தது? 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் நம் ஊரிலேயே செய்தார்கள். மோட்டாருக்குக் கரண்ட்? நீலகிரியில் பைக்காரா தண்ணீரிலிருந்து. குழந்தைகள் இப்படிப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போவார்கள், நீங்களும் போங்கள். ஆனால் தெரியாத இடத்தில் கதை கட்டக் கூடாது. நான் ஒருமுறை கிரைண்டரையும் ஜி.டி. நாயுடு கணக்கிலேயே எழுதிவிட்டேன். எங்கள் ஊரில் மோட்டார் என்றாலே வாயில் அவர் பெயர்தான் வரும். பேத்தி அதைப் பள்ளியில் சொல்லி, திருத்தம் வாங்கி வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எல்லாச் சாமானுக்கும் ஆட்டாங்கல் மாதிரி பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. ஊக்குக்கு ஒரு துண்டுக் கட்டுக்கம்பி போதும். அதை வளைத்து ஊக்கு செய்யச் சொல்லுங்கள். வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும், திரும்பி வராது. அப்புறம் நிஜ ஊக்கைத் திறந்து, அடியில் இருக்கும் சின்னச் சுருளைக் காட்டுங்கள். அந்தச் சுருள்தான் ஸ்பிரிங். 1849இல் நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்பவருக்கு 15 டாலர் கடன் இருந்தது. ஒரு கம்பியை முறுக்கி முறுக்கி இதைச் செய்தவர், உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். அவர் ஏமாளியா இல்லையா என்று எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. நடுவில் புகாதீர்கள், அந்தச் சண்டையும் கதைதான்.

சிரிக்க வைக்க வேண்டுமென்றால் தகர டின். 1810இல் இங்கிலாந்தில் டின்னுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள், ஆனால் திறக்கும் கருவிக்கு நாற்பது வருசத்துக்கு மேல் ஆனது. அதுவரைக்கும் உளியும் சுத்தியலும்தான். இதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டாம், அவர்களே நடித்துக் காட்டுவார்கள்.

செருப்பில் பர்ரென்று பிரியும் வெல்க்ரோவுக்குக் குளக்கரைக்குப் போக வேண்டும். மருளூமத்தைக் காய் ஒன்றைப் பறித்து வேட்டியில் ஒட்டவிட்டு, பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். முள்ளின் நுனி கொக்கியாக வளைந்திருக்கும். 1941இல் சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் வேட்டைக்குப் போய்விட்டு வந்தபோது, அவர் நாயின் மேல் ஒட்டியிருந்தது வேறு செடியின் காய். கொக்கி ஒன்றுதான், அதைப் பார்த்துத்தான் அவர் வெல்க்ரோவைச் செய்தார்.

நேரம் முக்கியம். உளுந்து அரைபட அரை மணி நேரம், கதையும் அதற்குள்தான். கிரைண்டரை நிறுத்திவிட்டால் நம் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். குழவியில் ஒட்டியிருக்கும் மாவை வழித்தெடுக்கும் முறை யாருடையது என்ற பஞ்சாயத்து வந்துவிடும்.