தூக்கம் வரவேண்டுமா? முதலில் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்

தூங்குவதற்கு முன் உடம்பு தன் உள்சூட்டைக் குறைக்கத் தொடங்கிவிடும். மாலையில் உச்சத்தில் இருக்கும் சூடு, நாம் எழுவதற்கு ஓரிரண்டு மணி நேரம் முன்பு அடிமட்டத்துக்கு இறங்கும். வித்தியாசம் சுமார் 1 டிகிரி செல்சியஸ்தான். ஆனால் அது இறங்காவிட்டால் புரண்டு புரண்டு படுக்க வேண்டியதுதான்.

படி 1: மாலை ஒருமுறை, கண் சொக்கும்போது ஒருமுறை பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது முறை வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளங்கை, உள்ளங்கால் தோலுக்கடியில் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்குவழிகள் உண்டு. மூளையின் ஹைப்போதலாமஸ் சொன்னதும் அவை திறக்கும். சூடான ரத்தம் தோலுக்கு வந்து, வெப்பத்தை வெளியே விட்டுவிட்டுத் திரும்பும். வெளியே கால் சூடாக, உள்ளே உடம்பு குளிர்கிறது!

படி 2: படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, 40 டிகிரி அளவுள்ள வெந்நீரில் பத்து நிமிடம் குளியுங்கள். தோலுக்கு ரத்தம் பாயும்; குளித்து முடித்ததும் வெப்பம் மளமளவென்று வெளியேறும். நான் பல வருடம் படுக்கப்போகும் நேரத்தில் சில்லென்ற தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். குளிர்ந்த நீர் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். அதாவது வெப்பம் போகிற கதவை நானே சாத்திவிட்டு, தூக்கம் வரவில்லையே என்று விழித்துக் கிடந்திருக்கிறேன்.

படி 3: கால் ஜில்லிட்டிருந்தால் தளர்வான சாக்ஸ் போடுங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் வெந்நீர்ப் பையை மட்டும் வைக்கவே கூடாது, சுட்டாலும் தெரியாது.

படி 4: ஒரே தடிமனான கம்பளிக்குப் பதில் இரண்டு மெல்லிய போர்வைகள். புழுக்கமாக இருந்தால் ஒரு காலை வெளியே நீட்டினாலே போதும், காரணம் மேலே சொன்னதுதான்.

சரி, விடியற்காலையில் ஏன் குளிர்கிறது? உள்சூடு அடிமட்டத்தில் இருக்கும் நேரம் அது. அப்புறம், கனவு அதிகம் வரும் ரெம் தூக்கம் பின்னிரவில்தான் நீளும். அந்தக் கட்டத்தில் வியர்ப்பதும் நடுங்குவதும் பெரும்பாலும் நின்றுவிடும். அறை எப்படியோ உடம்பும் அப்படி.

படி 5: ஏசிக்கு டைமர் வையுங்கள். இல்லையென்றால் இரண்டாவது போர்வையைக் கால்மாட்டில் மடித்து வையுங்கள், கண்ணைத் திறக்காமலே இழுத்துக்கொள்ளும் தூரத்தில்.