தாரகோனா போகிற நம்ம ஊர்க்காரர்களுக்கு

கீழக்கரை, தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஸ்பெயினில் இருக்கிற பார்சலோனாவுக்கு யார் போனாலும் சரி, ஒரு நாளை மிச்சம் பிடித்து, அங்கேயே கடலோர ஊரான தாரகோனாவுக்குப் போய்விட்டு வாருங்கள். ரோமர்கள் காலத்தில் அதன் பெயர் தார்ராக்கோ. கிளம்புவதற்கு முன்னால் அழகன்குளத்தை ஒரு எட்டு பார்த்துவிடுங்கள்; ரோமானியக் காசும் ஆம்போரா ஜாடி ஓடும் நம்ம வைகை முகத்துவாரத்தில் கிடைத்த ஊர் அது, அந்த ஜாடிகள் புறப்பட்ட கடல் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தானே போகிறோம்.

பார்சலோனா சாண்ட்ஸ் நிலையத்தில் சாதாரண வட்டார ரயிலில் ஏறுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், ஆனால் ஊருக்குள், கடலை ஒட்டியே இறக்கிவிடும். அதிவேக ரயில் அரை மணியில் போகிறதே என்று ஆசைப்பட்டால் ஊருக்கு வெளியே வேறொரு நிலையத்தில் இறங்கி பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். நான் அப்படித்தான் மாட்டினேன். திங்கட்கிழமை போகாதீர்கள், முக்கால்வாசி இடம் பூட்டியிருக்கும்.

நிலையத்திலிருந்து நடந்தாலே ரோமர்களின் வட்டரங்கம் (ஆம்ஃபிதியேட்டர்) வந்துவிடும். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கட்டியது, மேல்படியில் உட்கார்ந்தால் கீழே மணல் திடல், அதற்குப் பின்னால் நேராகக் கடல். 259இல் இங்கேதான் ஃப்ருக்துவோசோ என்ற கிறிஸ்தவ ஆயரையும் அவருடைய இரண்டு உதவியாளர்களையும் உயிரோடு எரித்தார்கள். பிற்பாடு திடலுக்கு நடுவிலேயே சர்ச் கட்டினார்கள், அதுவும் இடிந்து இப்போது அடித்தளச் சுவர்கள்தான் நிற்கின்றன. அவசரப்படாமல் பாருங்கள்.

அப்புறம் ஊரின் மேட்டுப் பகுதிக்கு ஏறுங்கள். பிளாசா தெ லா ஃபோன்ட் என்ற சதுக்கம் ஏன் இவ்வளவு நீளம் என்று யோசிப்பீர்கள். ரதப் பந்தயம் ஓடிய திடல் அது. குதிரை ஓடிய இடத்தில் நாற்காலி போட்டுக் காபி தருகிறார்கள்!

சாப்பாட்டுக்கு மீனவர் பகுதியான எல் செர்ராயோ. சுட்ட மீனோடு ரொமெஸ்கோ வரும், பாதாம், தக்காளி, பூண்டு, காய்ந்த மிளகாய், ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்தது. நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், காரமே இருக்காது, என் அம்மாவிடம் கொடுத்தால் சட்னி என்று ஒத்துக்கொள்ள மாட்டார். ஹலால் பார்ப்பவர்கள் எதையும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், பன்றி இறைச்சி எதிர்பாராத பண்டத்திலும் இருக்கும்.

வெயில் தாழ்ந்ததும் ஊருக்கு வடக்கே நாலு கிலோமீட்டரில் 'பிசாசுப் பாலம்' என்கிற நீர்ப்பாலம், டவுன் பஸ் உண்டு. 217 மீட்டர் நீளம், இரண்டடுக்கு வளைவு. உச்சியில் தண்ணீர் ஓடிய வாய்க்காலுக்குள்ளேயே நடந்து அக்கரை போகலாம். குடிக்கிற தண்ணீர் மட்டும் கையில் இருக்கட்டும்.