மொண்டேகு ஆற்றோரம் முதல் சைக்கிள் பயணம்: கோயிம்ப்ரா முதல் பெனகோவா வரை

போர்ச்சுகலில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் டோரு பள்ளத்தாக்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். திராட்சைத் தோட்டங்கள் படிக்கட்டு போல அடுக்கடுக்காக இருக்கும், அழகான இடம்தான். ஆனால் அங்கே ஆற்றங்கரையை விட்டுக் கொஞ்சம் விலகினாலே மூச்சு வாங்கவைக்கும் மேடு. புதிதாக ஓட்டத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது வேறு ஆறு. நாட்டின் நடுப்பகுதியில் ஓடும் மொண்டேகு.

முழுக்க முழுக்கப் போர்ச்சுகலுக்குள்ளேயே பிறந்து கடலில் சேரும் ஆறுகளில் இதுதான் மிக நீளமானது. செர்ரா டா எஸ்ட்ரெலா மலையில் தோன்றி, கோயிம்ப்ரா நகரைத் தொட்டு, ஃபிகெய்ரா டா ஃபோஸில் அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. கோயிம்ப்ராவிலிருந்து பெனகோவா என்ற சிற்றூர் வரை இதன் வலது கரையை ஒட்டியே என்110 (N110) என்ற பழைய சாலை போகிறது. ஒரு வழி 20 கி.மீ.க்குச் சற்று மேல். ஒரு நாளில் போய்த் திரும்பிவிடலாம். ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் கடைசி மேட்டைத் தவிர எதுவும் உங்களை இறங்கித் தள்ளவைக்காது.

1. முதலில் சாலையின் பெயரைப் படிக்கப் பழகுங்கள்

அமைதியான சாலை எது என்பதைப் போர்ச்சுகலில் ஓரளவு எழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ‘ஏ’ என்று தொடங்கினால் விரைவுச்சாலை, அதில் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. ‘ஐபி’, ‘ஐசி’ என்றால் நெடுந்தூர முக்கியச் சாலைகள். இவற்றின் பல பகுதிகள் மோட்டார் வண்டிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டவை. அனுமதி இருக்கும் இடத்திலும் லாரிகள் உரசிக்கொண்டு போகும், வேண்டாம். ‘என்’ அல்லது ‘இஎன்’ என்பவை பழைய தேசியச் சாலைகள். ‘எம்’, ‘இஎம்’ என்பவை அந்தந்த நகராட்சி பராமரிப்பவை. ‘சிஎம்’ இன்னும் சிறியது. அதில் வண்டியே வராது, ஆனால் திடீரென்று மலையில் செங்குத்தாக ஏறிவிடும்.

நான் கவனிப்பது இதைத்தான்: ஒரு பழைய ‘என்’ சாலைக்குப் பக்கத்தில் புதிய பெரிய சாலை ஒன்று அதே ஊர்களை நோக்கிப் போகிறதா? போனால் பழைய சாலை ஓய்ந்திருக்கும். என்110 அப்படித்தான். கோயிம்ப்ராவுக்கும் விசெயு நகருக்கும் இடையே ஓடும் லாரிகளும் அவசரக்காரர்களும் ஐபி3-ல் போய்விடுகிறார்கள். ஆற்றோரச் சாலையில் மிஞ்சுவது கிராமத்துக் கார்கள், சரக்கு வேன்கள், வார இறுதியில் கொஞ்சம் மோட்டார் பைக்குகள். ஆகவே முடிந்தால் வார நாளில் போங்கள்.

ஃபோன் வரைபடம் ‘குறுகிய வழி’ என்று காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். ஒருமுறை அதை நம்பி ஆற்றை விட்டு மேலே திரும்பினேன். சாலை மண்பாதையாகி, யூகலிப்டஸ் காட்டுக்குள் போய் முடிந்தது. இரண்டு கி.மீ. மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மணி நேரம் போனது.

2. எப்போது போவது

ஏப்ரல், மே, ஜூன் முற்பகுதி. அல்லது செப்டம்பர் பாதிக்கு மேல் அக்டோபர் வரை. கோடையில் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்கள் அதைப் பொருட்படுத்தமாட்டார்கள் என்று நினைக்கலாம். ஆனால் வெயிலைவிடக் கவனிக்க வேண்டியது காட்டுத்தீ. இரு பக்கமும் பைனும் யூகலிப்டஸும் நிறைந்த மலைகள் இவை. 2017 அக்டோபர் 15 அன்று மூண்ட பெருந்தீயில் பெனகோவா வட்டாரமும் எரிந்தது. வறண்ட நாளில் தீ அபாய எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். வழியில் புகை கண்டால் திரும்பிவிடுங்கள்.

குளிர்காலம் வேறு மாதிரி. கோயிம்ப்ரா மக்கள் மொண்டேகுவுக்கு ‘பசோஃபியாஸ்’ என்று ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வீண் பெருமை பேசுகிறவன் என்று பொருள். மழையில் கரைபுரண்டு வரும், கோடையில் மணல்திட்டுகளுக்கு நடுவே ஒடுங்கிவிடும் என்பதால் அந்தப் பெயர். மேலே அணைகள் கட்டியபின் ஆறு பெரிதும் அடங்கிவிட்டது. ஆனாலும் 2019 டிசம்பரில் கோயிம்ப்ராவுக்குக் கீழே கரை உடைந்து வயல்கள் மூழ்கின. பெருமழைக்குப் பிறகு மலைச்சரிவிலிருந்து கல்லும் மண்ணும் சாலையில் விழுந்து கிடக்கலாம். இரண்டு நாள் விட்டுப் போவது நல்லது.

3. சைக்கிளும் சாமானும்

சொந்தச் சைக்கிள் இல்லையென்றால் கோயிம்ப்ராவில் வாடகைக்கு எடுங்கள். பந்தயச் சைக்கிள் வேண்டாம். 32 மி.மீ. அல்லது அதைவிட அகலமான டயர், எளிதான சின்ன கியர், உட்கார வசதியான சீட் இருந்தால் போதும்.

எடுத்தவுடன் பிரேக்கைப் பரிசோதியுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நம் ஊர்ச் சைக்கிள்களில் பொதுவாக வலக்கை பிரேக் முன்சக்கரத்தைப் பிடிக்கும். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் இடக்கை பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. பழக்கத்தில் கை மாறிப்போனால் இறக்கத்தில் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆளில்லாத இடத்தில் பத்து முறை மெதுவாகப் போய் நின்று பாருங்கள், கை புரிந்துகொள்ளும்.

ஒரு டியூப், டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, சின்ன பம்பு, இரண்டு தண்ணீர் பாட்டில், முன்னும் பின்னும் விளக்கு, மெல்லிய மழைச்சட்டை. தலைக்கவசம் சாதாரணச் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. இருந்தாலும் அணிந்துகொள்ளுங்கள். அவசர எண் 112.

4. வலது பக்கம் ஓட்டப் பழகுவது

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் இடது பக்கம். போர்ச்சுகல் வலது பக்கம். நேரான சாலையில் குழப்பம் வராது. காப்பி குடித்துவிட்டு மறுபடி சாலையில் ஏறும் அந்த நொடியில்தான் தவறு நடக்கும். ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் ‘வலது’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். ரவுண்டானாவில் வண்டிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். உள்ளே இருக்கும் வண்டிக்கே முன்னுரிமை, அதனால் முதலில் இடப்பக்கம் பாருங்கள்.

2014 முதல் சைக்கிளை முந்தும் வண்டிகள் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இருவர் பக்கம் பக்கமாக ஓட்டவும் பொதுவாக அனுமதி உண்டு. ஆனால் என்110 வளைந்து வளைந்து போகும் சாலை. வளைவில் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். ஓரத்து மண்ணில் ஒட்டாமல், வெள்ளைக் கோட்டிலிருந்து அரை மீட்டர் உள்ளே ஓட்டுங்கள். அப்போதுதான் பின்னால் வருகிறவர் உங்களைத் தூரத்திலேயே பார்ப்பார்.

5. கிளம்பலாம்

காலை எட்டு மணிக்கு கோயிம்ப்ராவின் ஆற்றோரப் பூங்காவிலிருந்து ஆற்றுக்கு எதிர்த்திசையில் புறப்படுங்கள். போர்ட்டெலா பாலம் வரும். அதைக் கடக்காதீர்கள், கடந்தால் என்17-ன் போக்குவரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வழி தவறாமலிருக்க ஒரே அடையாளம்: போகும்போது ஆறு எப்போதும் உங்கள் வலது கைப்பக்கம். வலதில் ஓட்டுவதால் ஆற்றுக்கு நெருக்கமான பாதை உங்களுடையது. இதற்காகவே நான் இந்தத் திசையில் தொடங்கச் சொல்கிறேன்.

டோரஸ் டு மொண்டேகு தாண்டியதும் நகரத்தின் சத்தம் நின்றுவிடும். அப்புறம் தண்ணீர், கரையோரக் காய்கறித் தோட்டம், ஓட்டு வீடுகள், நாய். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அதுவே திரும்பிவிடும். மரநிழல் விழும் வளைவுகளில் யூகலிப்டஸ் பட்டைகள் உரிந்து கிடக்கும். ஈரமாக இருந்தால் வழுக்கும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

இந்த ஆறு ஒரு காலத்தில் சாலையாகவே இருந்தது. ‘பார்க்கா செர்ரானா’ என்ற தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகள் பெனகோவாவிலிருந்து விறகு ஏற்றிக்கொண்டு இறங்கும், கடற்கரையிலிருந்து உப்பும் மீனும் ஏற்றிக்கொண்டு மேலே வரும். இன்று கோடையில் அதே நீரில் சுற்றுலாப் பயணிகளின் கயாக்குகள் மிதந்து வருகின்றன. நீங்கள் மேலே போகும்போது அவர்கள் கீழே போவார்கள். கையசைத்தால் துடுப்பைத் தூக்கிக் காட்டுவார்கள்.

மணிக்கு 15 கி.மீ. வேகம் தாராளம். மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சு தடைபட்டால் கியரைக் குறையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர். கிராமத்துக் குழாய்களில் ‘ஆகுவா பொட்டாவெல்’ என்று எழுதியிருந்தால் குடிக்கலாம். ‘நாவ்ங் பொட்டாவெல்’ என்றால் குடிக்கக் கூடாது. ‘நாவ்ங் கொண்ட்ரொலாடா’ என்றால் சோதிக்கப்படாத நீர், அதையும் விட்டுவிடுங்கள்.

6. ரெபோர்தோசாவில் ஒரு முடிவு

பெனகோவாவுக்குச் சற்று முன்னால் ரெபோர்தோசா. இங்கிருந்து இடப்பக்கம் ஒரு சாலை ஆற்றை விட்டு ஏறி லொர்வாவ்ங் கிராமத்துக்குப் போகிறது. கால் தெம்பாக இருந்தால் மட்டும் ஏறுங்கள். அங்கே போர்ச்சுகலின் மிகப் பழைய மடங்களில் ஒன்று இருக்கிறது. 1189-ல் அந்த மடத்தில் எழுதி முடித்த ஓவியச் சுவடி ஒன்று இப்போது லிஸ்பனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. 2015-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது.

எனக்கு அதைவிட நெருக்கமானது அந்த ஊரின் பல் குத்தும் குச்சி. மடத்துக் கன்னியாஸ்திரீகள் இனிப்புகளை அலங்கரிக்க மரத்தைச் சீவி மெல்லிய குச்சிகள் செய்தார்கள். அந்தக் கைவேலை சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களிடம் பரவி, தலைமுறைகளாக வீடுகளுக்குச் சோறு போட்டது. வெறும் கத்தியால் சீவிப் பூப்போல விரித்த குச்சிகள். அவற்றுக்கான வில்லோ மரம் நீங்கள் ஓட்டி வந்த ஆற்றங்கரையில் நிற்கும் அதே மரம்தான். கிடைத்தால் ஒரு கட்டு வாங்குங்கள், சைக்கிள் பையில் எடையே தெரியாது. பாதாம் சேர்த்த ‘பாஸ்டெல் டெ லொர்வாவ்ங்’ என்ற இனிப்பு ஒன்றும் சாப்பிடுங்கள்.

7. பெனகோவா

ஊர் ஆற்றுக்கு மேலே குன்றின்மீது இருக்கிறது. கடைசி மேடு கடினம், இறங்கித் தள்ளினாலும் தப்பில்லை. மேலேயுள்ள காட்சி மேடையிலிருந்து பார்த்தால் நீங்கள் வந்த வளைவுகள் கீழே தெரியும். ஏற மனமில்லையென்றால் கீழே ரெக்கொங்கீனியு ஆற்று மணற்கரையில் காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம்.

மதிய உணவை இரண்டு மணிக்குள் முடியுங்கள், அதன்பின் பல சமையலறைகள் மூடிவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வந்தால் லாம்ப்ரே மீன் சோறு கிடைக்கலாம். விலாங்கு போன்ற இந்த மீன் கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறி வருவது. கோயிம்ப்ரா தடுப்பணையில் மீன்கள் ஏறிவர 2011-ல் ஒரு படிக்கட்டு கட்டினார்கள். மீனின் ரத்தத்திலேயே சமைப்பதால் சோறு கறுப்பாக இருக்கும். எல்லாருக்கும் பிடிக்காது. ‘நெவாடா டெ பெனகோவா’ என்ற வெள்ளைச் சர்க்கரை பூசிய சின்ன கேக் எல்லாருக்கும் பிடிக்கும்.

8. திரும்புதல்

ஆற்றோடு இறங்குவதால் கால்கள் ஓய்வெடுக்கும். ஆனால் மாலையில் கடலிலிருந்து எதிர்க்காற்று வரலாம், மூன்று மணிக்கு முன் கிளம்புங்கள். இப்போது ஆறு இடப்பக்கம். கோயிம்ப்ராவுக்குள் நுழையும்போது போக்குவரத்து கூடும், விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரயிலில் போவதானால், நெடுந்தூர ரயில்கள் நிற்பது கோயிம்ப்ரா-பி நிலையத்தில். ஊருக்கு ஊர் நிற்கும் ரெஜியோனல் ரயில்களில் இடமிருந்தால் சைக்கிளை இலவசமாக ஏற்றலாம். நகரங்களுக்கு இடையே ஓடும் இண்டர்சிடாட்ஷ் ரயில்களில் சைக்கிளுக்குச் சில இடங்களே உண்டு, டிக்கெட்டோடு சேர்த்து முன்பதிவு செய்ய வேண்டும். ஆல்ஃபா பெண்டுலார் என்ற அதிவேக ரயிலில் மடித்துப் பையில் போட்ட சைக்கிள் மட்டும்தான்.

இந்த ஒரு நாள் உடம்புக்கு ஒத்துவந்தால், அடுத்தது டாவ்ங் பாதை. பழைய ரயில் தடம் இருந்த இடத்தில் சான்டா கொம்பா டாவ்ங் முதல் விசெயு வரை 49 கி.மீ., கார்களே வராத தனிப்பாதை. மூன்று நகராட்சிகள் அதற்கு நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று நிறம் பூசியிருக்கின்றன. நீலத்திலிருந்து தொடங்குங்கள்.