குழுத் தலைவராகிறீர்களா? முதலில் ஊட்டுங்கள்

சென்னையில் விஷுவல் எஃபெக்ட்ஸ் குழு ஒன்றை நடத்துகிறேன். புதிதாகத் தலைமைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது, "அக்கா, இவர்களிடம் எப்படி வேலை வாங்குவது?" என்றுதான். நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். 'பாஸ்டர்' என்ற லத்தீன் சொல்லுக்கு மேய்ப்பன் என்று பொருள். இரையூட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. வேலை வாங்குவது பிறகு, ஊட்டுவதே முதலில் என்பேன்.

புதியவருக்குப் பெரும்பாலும் ரோட்டோ வேலைதான் கிடைக்கும்: ஷாட்டில் உள்ள ஆளையோ பொருளையோ சுற்றி வரைந்து பின்னணியிலிருந்து வெட்டியெடுப்பது. ஐந்து வினாடி ஷாட் என்றாலே 120 ஃபிரேம், அதாவது 120 தனித்தனிப் படங்கள். கைவீசி நடப்பவரின் கையை அவர் ஒரே கோட்டில் சுற்றி வரைந்துவிடுவார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். மேற்கை, முன்கை, உள்ளங்கை என்று தனித்தனி வடிவங்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கை முன்னால் எட்டும் கடைசி ஃபிரேம், பின்னால் எட்டும் கடைசி ஃபிரேம், இவற்றில் முதலில் கீ வைக்கட்டும், அதாவது வடிவம் அங்கே இருக்கும் நிலையைப் பதியட்டும். அடுத்து இரண்டுக்கும் நடுவில். வடிவத்தை வரையும் புள்ளிகள் குறைவாக இருப்பது நல்லது. முடித்ததும் கறுப்பு வெள்ளையில் ஓடவிட்டு, "விளிம்பு எங்கே நடுங்குகிறது, நீயே சொல் தம்பி" என்று கேளுங்கள். மவுஸைப் பிடுங்கி நீங்களே சரிசெய்துவிடாதீர்கள். அவர் கண் பழகவே பழகாது.

ரோட்டோவிலேயே ஒருவரை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போடுவதும் தவறு. எல்லா அடுக்குகளையும் ஒன்றுசேர்த்து முடித்த காம்ப் ஃபைலை, அதற்கான மென்பொருளான நியூக்கில் திறந்து, அவர் வெட்டிக் கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்டுங்கள். இடையிடையே, வேண்டாததை அழித்துச் சரிசெய்யும் சின்ன பெயின்ட் ஷாட் ஒன்றைக் கொடுங்கள்.

கெடு நெருங்கும்போதுதான் தலைவரின் குணம் தெரியும். ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தில், சேர்ந்து போகலாம் என்று அழைக்கும் ஏசாவிடம் யாக்கோபு மறுக்கிறான்: மந்தையை ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் எல்லாம் செத்துப்போகும், மந்தையின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் ஏற்றபடி மெதுவாக வருகிறேன் என்கிறான். மேலாண்மைப் பயிற்சிகளில் கேட்ட எதையும்விட எனக்கு இந்த வசனம் உதவியிருக்கிறது. ஆகவே, "இன்று இரவு எல்லோரும் இருங்கள்" என்று சொல்வதற்கு முன் ஷாட் பட்டியலோடு தயாரிப்பு மேலாளரிடம் போங்கள். எதைத் தள்ளிக் கொடுக்கலாம், எதைத் தற்காலிக வடிவில் அனுப்பலாம் என்று வாதாடுங்கள். ஞாயிறு ஆராதனைக்கு நான் போகும் உரிமை, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகும் தம்பிக்கும் உண்டு.

படத்தில் உழைத்தவர்களின் பெயர்ப் பட்டியலை அலட்சியப்படுத்தாதீர்கள். ஆட்டின் கொழுப்பைத் தின்று, மயிரை உடுத்திக்கொண்டு, மந்தையை மட்டும் மேய்க்காத மேய்ப்பர்களை எசேக்கியேல் 34 கடிந்துகொள்கிறது. இளையவர் உழைப்பில் தன் பெயரை மட்டும் ஏற்றிக்கொள்கிறவர் அந்த வகைதான். ஒவ்வொருவரிடமும் இனிஷியல், எழுத்துக்கூட்டல் கேட்டு எழுதி வாங்கி, படத்தின் இறுதிப் பட்டியல் மூடப்படுவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். இடையில் வேலையை விட்டுப் போனவரின் பெயரையும் சேர்த்து.