டிஸ்க்குகளைக் கழித்துவிட முன்

நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பரோடு தபாலில் டீவீடி அனுப்புவதை விட்டது, சாம்சங் 2019இலேயே புதிய புளூ-ரே பிளேயர் செய்வதில் இருந்து ஒதுங்கியது, 2024 கடைசியில் எல்ஜியும் கையை விரித்தது. அதைக் கேட்டு அலுமாரியில் கிடக்கும் டிஸ்க்குகளைப் பழைய சாமான்காரரிடம் கொடுக்க யோசிக்கிறீர்களா? பொறுங்கள். கவனமாக வைத்தால் கடையில் வாங்கிய டிஸ்க் கனகாலம் ஓடும், முதலில் கிடைக்காமல் போகப்போவது பிளேயர்தான். காசு போடுவதென்றால் அதில் போடுங்கள், சோனியும் பனாசோனிக்கும் இன்னும் செய்கிறார்கள்.

வெளியில் இருந்து எடுப்பிக்கிறீர்கள் என்றால் பின்பக்கத்து வோல்டேஜ் எழுத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100-240 என்று இருந்தால் சரி. வெறும் 120 என்று இருக்கிற கனடா பெட்டியை நம்முடைய 230இல் நேரே செருகினால் கதை முடிந்தது.

அப்புறம் வலயம், அதாவது டிஸ்க்கும் பிளேயரும் உலகின் எந்தப் பகுதிக்கு என்று போட்ட பூட்டு, இரண்டும் பொருந்தாவிட்டால் படம் ஓடாது. புளூ-ரேயில் ரொறன்ரோ சித்தப்பா தருவது ஏ, லண்டன் மச்சாள் கொண்டுவருவது பி, இலங்கையும் இந்தியாவும் சி. ஒரே குடும்பம், மூன்று வலயம்! தமிழ்ப்பட டீவீடிகள் பெரும்பாலும் எல்லா வலயத்துக்கும் பொதுவாக வந்ததால் அவற்றில் தொல்லை குறைவு. புளூ-ரேயிலும் துல்லியமான 4கே டிஸ்க்குக்கு வலயமே கிடையாது, ஆனால் அதே பிளேயரில் சாதாரண புளூ-ரேயைப் போட்டால் வலயம் பார்க்கும். வாங்க முன் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை வேறு. கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோக்காரர் தந்த டீவீடிகளைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் ஊதா நிறத்தில் இருக்கும். அது சாயத்தில் எரித்துப் பதிந்தது, கடையில் விற்ற படம் போல அச்சில் அழுத்தியது அல்ல, அந்தச் சாயம் வெயிலிலும் புழுக்கத்திலும் மெல்ல மெல்லப் போய்விடும். உள்ளே இருக்கும் வீடியோ டீஎஸ் என்ற ஃபோல்டரை முழுதாக ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, இன்னொரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். கம்ப்யூட்டர் வாசிக்க மறுத்தால் உடனே கைவிடாமல் இன்னொரு டிரைவில் போட்டுப் பாருங்கள், ஒன்று தடுமாறும் டிஸ்க்கை மற்றது சத்தமில்லாமல் வாசித்துவிடும்.

கடற்கரைப் பக்கம் குடியிருந்தால் பூஞ்சையும் வரும். மெல்லிய சோப்புத் தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியால் நடுவில் இருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடு ஓடும், அதைப் பிளேயரால் சமாளிக்க முடியாது. நிறுத்தி அடுக்குங்கள், மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்.

புதிதாக வாங்குவதா? 100 ஜிபி வரை கொள்ளும் 4கே டிஸ்க்கின் படமும் சத்தமும் ஸ்ட்ரீமிங்கை விடத் திறம், ஆனாலும் திரும்பத் திரும்பப் பார்க்கிற படத்துக்கு மட்டும் செலவழியுங்கள். தெருவோரத்தில் வாங்கிய கொப்பிகளை யோசிக்காமல் கழிக்கலாம்.