சிமுலேஷன் படம் அழகாக வந்தால் போதுமா? ஏரோஸ்பேஸ் முதுநிலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுநிலை ஏரோஸ்பேஸ் தீசிஸ்களை மதிப்பிட உட்காரும்போதெல்லாம் ஓர் எரிச்சல் வருகிறது. ஆட்கள் மாறுகிறார்கள், மென்பொருள் மாறுகிறது, தவறு மட்டும் மாறுவதில்லை. எங்கள் வகுப்பில் நாங்கள் அடித்த அதே கூத்துதான். வகுப்புக்கு மட்டம் போடுவது, பேக்கப் எடுக்காதது, கடைசி மாதத்தில் எழுதத் தொடங்குவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை தவறென்று தெரிந்தேதான் எல்லாரும் செய்கிறார்கள். செய்து முடித்த பிறகும் தவறென்று உறைக்காத சிலவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தலைப்பை அகலமாக எடுப்பது

"உருமாறும் இறக்கை கொண்ட ஆளில்லா விமானத்தின் வடிவமைப்பு, பகுப்பாய்வு, தயாரிப்பு மற்றும் பறப்புச் சோதனை." இப்படி ஒரு தலைப்பைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு கம்பெனி ஐந்து ஆண்டுகள் செய்கிற வேலை இது. இறக்கையின் பின்விளிம்பை இவ்வளவு வளைத்தால் எந்தத் தாக்குக் கோணம் (வரும் காற்றோடு இறக்கை செய்யும் கோணம்) வரை லாபம், அதற்கு மேல் எப்போது நஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். அந்த அளவுக்குச் சுருக்கினால் ஓராண்டில் விடை கிடைக்கும்.

சி.எஃப்.டி. படத்தை விடை என்று நம்புவது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே. சி.எஃப்.டி. என்றால் காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிடுவது. இறக்கையைச் சுற்றி சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அழுத்தம் விரிந்து கிடக்கும். ரெசிடுவல் (சமன்பாட்டில் இன்னும் தீராமல் மிஞ்சும் பிழை) கோடுகள் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியிருக்கும். மாணவர் முகத்தில் ஒரு நிம்மதி. ரெசிடுவல் இறங்கினால் என்ன பொருள்? நீங்கள் கொடுத்த சமன்பாட்டை, நீங்கள் கொடுத்த மெஷ்ஷில் (இடத்தைச் சிறு செல்களாகப் பிரித்த வலை), நீங்கள் கொடுத்த எல்லை நிபந்தனையோடு கணினி ஒழுங்காகத் தீர்த்துவிட்டது. அவ்வளவுதான். கொடுத்தது சரியா என்று அதற்குத் தெரியாது.

ஒரு மாணவர் தன் இறக்கைக்குப் போகும் முன் நாகா 0012 என்ற ஏர்ஃபாயிலில் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்) முறையைச் சோதித்துக்கொண்டிருந்தார். நல்ல பழக்கம், பாதிப் பேர் அதைக்கூடச் செய்வதில்லை. நாண் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) நீளம் அரை மீட்டர், ரெனால்ட்ஸ் எண் (வேகம், அளவு, பாகுநிலை சேர்ந்த அலகற்ற எண்) 60 லட்சம், ஓட்டம் முழுக்க டர்புலன்ட், அதாவது கொந்தளிப்பானது. 10 டிகிரி தாக்குக் கோணத்தில் லிஃப்ட் (மேலே தூக்கும் விசை) குணகம் 0.55 வந்தது. 0 டிகிரியில் டிராக் (பின்னோக்கி இழுக்கும் விசை) குணகம் 0.0041. ஸ்பாலார்ட்–ஆல்மராஸ் என்ற டர்புலன்ஸ் மாடலை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாடலைப் போட்டார். மெஷ்ஷை இரண்டு மடங்கு நெருக்கினார், அப்புறம் மறுபடியும் நெருக்கினார். எண் அசையவில்லை. ஒரு செமஸ்டர் போய்விட்டது. கடைசியில் தீசிஸ் வரைவில் ஒரு வரி: "டர்புலன்ஸ் மாடலின் குறைபாட்டால் லிஃப்ட் குறைவாக மதிப்பிடப்படுகிறது." பாவம் அந்த மாடல்.

இளநிலையிலேயே படித்த மெல்லிய ஏர்ஃபாயில் கோட்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் சரிவு ஒரு ரேடியனுக்கு 2 பை, அதாவது டிகிரிக்குச் சுமார் 0.11. 10 டிகிரிக்கு 1.1 வர வேண்டும். நாசா வெளியிட்டிருக்கும் டர்புலன்ஸ் மாடல் சோதனைத் தொகுப்பில், மாக் 0.15 (ஒலி வேகத்தில் 15 சதவீதம்), இதே ரெனால்ட்ஸ் எண்ணுக்கு, நெருக்கமான மெஷ்ஷில் வரும் மதிப்பு சுமார் 1.09. டிராக்கையும் கையால் போடலாம். அதே ரெனால்ட்ஸ் எண்ணில் ஒரு தட்டையான பலகையின் இரண்டு பக்க டர்புலன்ட் உராய்வு மட்டுமே ஏறக்குறைய 0.0065. தடிமன் உள்ள ஏர்ஃபாயில் வெறும் பலகையைவிடக் குறைவாக இழுக்குமா? நாசா தொகுப்பில் 0 டிகிரிக்கு இருப்பது சுமார் 0.0082. மாணவரின் லிஃப்ட்டும் பாதி, டிராக்கும் பாதி. எல்லைப் படலத்தில் (இறக்கைப் பரப்பை ஒட்டிய மெல்லிய காற்று அடுக்கு) கோளாறு என்றால் இரண்டும் இப்படிச் சொல்லிவைத்தாற்போல் பாதியாகாது. சரிபாதி வந்தால் கணக்குப் புத்தகத்தில்தான் தேட வேண்டும்.

மென்பொருளில், விசையைக் குணகமாக்க வகுக்கும் எண்கள் இருக்கும் ரெஃபரன்ஸ் வேல்யூஸ் பெட்டியைத் திறந்தோம். பரப்பு 1 சதுர மீட்டர் என்று, நிறுவியபோது இருந்தபடியே கிடந்தது. நாண் அரை மீட்டர், அகலம் ஒரு மீட்டர் என்றால் பரப்பு 0.5. விசை சரியாகத்தான் வந்திருந்தது. வகுத்த எண் தவறு.

அந்தப் பெட்டியை மறந்ததில் எனக்குக் கோபமில்லை. யார் வேண்டுமானாலும் மறப்பார்கள். ரன் பட்டனை அழுத்துமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் "1.1 வர வேண்டும், 0.008 பக்கம் வர வேண்டும்" என்று எழுதி வைத்திருந்தால் முதல் நாள் மாலையே பிடிபட்டிருக்கும். அந்தக் காகிதத்தை யாரும் எழுதுவதில்லை என்பதுதான் இன்றுவரை எரிகிறது. கையால் போட்ட கணக்கு பத்து சதவீதம் பிசகினாலும் பரவாயில்லை. இரண்டு மடங்குத் தவறைப் பிடிக்க அதுவே தாராளம்.

பெட்டியைத் திருத்தியதும் வேலை முடிந்துவிடாது. அடுத்து மாட்டுவது வெளி எல்லை. லிஃப்ட் தரும் ஏர்ஃபாயிலைச் சுற்றியுள்ள சுழற்சியின் பாதிப்பு தூரத்துக்கு நேர்மாறாகத்தான், மெதுவாகக் குறைகிறது. பத்து நாண் தள்ளி எல்லையை வைத்து "இங்கே காற்று கலையாமல் வருகிறது" என்று சொன்னால் அது பொய். முதலில் அடிவாங்குவது டிராக். நாசா அந்தச் சோதனைக்கு எல்லையை ஏறக்குறைய 500 நாண் தூரத்தில் வைத்ததைப் பார்த்து மாணவர்கள் சிரிக்கிறார்கள். அங்கே செல்கள் பெரிதாக இருப்பதால் கூடுதல் செலவு ஒன்றும் பெரிதில்லை.

அப்புறம் சுவர். ஒய் பிளஸ் (சுவரிலிருந்து உள்ள தூரத்தின் அலகற்ற அளவு) 1 வேண்டும் என்று எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். முதல் செல்லின் உயரம் எத்தனை மைக்ரோமீட்டர் என்று கேட்டால் பதில் வராது. ரெனால்ட்ஸ் எண் 60 லட்சம், நாண் ஒரு மீட்டர் என்றால் சுமார் 5 மைக்ரோமீட்டர். அதற்குப் பதில் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கைப் போட்டால் ஒய் பிளஸ் 20 பக்கம் போய் நிற்கும். சுவர் வரை நேராகத் தீர்க்க அது அதிகம், வால் ஃபங்ஷனுக்கு (சுவரோர ஓட்டத்தைச் சூத்திரத்தால் ஈடுகட்டும் முறை) அது குறைவு. இரண்டுக்கும் நடுவில் தொங்குவதுதான் மோசமான இடம்.

மெஷ் சோதனை என்ற பெயரில் செய்வதும் ஒரு வேடிக்கை. செல்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவார்கள். கூடிய செல்களெல்லாம் வெட்டவெளியில் இருக்கும், சுவரை ஒட்டிய அடுக்கு அப்படியே இருக்கும். டிராக் மாறாது. "மெஷ்ஷைச் சார்ந்திராத விடை" என்று எழுதிவிடுவார்கள். மூன்று மெஷ் போடுங்கள், எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் நெருக்குங்கள், டிராக்கைக் கவுண்ட் கணக்கில் பாருங்கள். ஒரு கவுண்ட் என்பது 0.0001. விமானம் கட்டுகிறவர்கள் அந்த அளவில்தான் சண்டை போடுகிறார்கள்.

சிறு ஆளில்லா விமானம் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் ரெனால்ட்ஸ் எண் ஒன்றரை லட்சம் என்றால், மூக்கிலிருந்தே டர்புலன்ட் என்று வைத்துக்கொள்ளும் மாடல் வேறு ஏதோ இறக்கையைக் கணக்கிடுகிறது. அந்த வேகத்தில் லாமினார் (கொந்தளிக்காத, அடுக்கடுக்கான) ஓட்டம் பிரிந்து, குமிழ் போட்டு, மறுபடி ஒட்டுவது வழக்கம். டிராக்கைத் தீர்மானிப்பதே பெரும்பாலும் அந்தக் குமிழ்தான். மார்க் ட்ரெலா 1986-இல் எழுதத் தொடங்கிய எக்ஸ்ஃபாயில் என்ற ஏர்ஃபாயில் நிரல் சில விநாடிகளில் அதைக் காட்டிவிடும். பழைய நிரல், திரையில் பார்க்கவும் ஏழைதான். முதலில் அதில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

கூரான மூலையில் தகைவைத் துரத்துவது

கட்டமைப்புப் பக்கம் போகிறவர்களுக்கு. உள்மூலையைக் கூராக வரைந்தால் நேரியல் மீள்மைக் கணக்கில் அங்கே தகைவுக்கு (ஸ்ட்ரெஸ்) உச்சவரம்பே கிடையாது. மெஷ்ஷை நெருக்க நெருக்க எண் ஏறிக்கொண்டே போகும். அதில் கிடைத்த ஓர் எண்ணைப் பாதுகாப்புக் காரணியில் போட்டு, இறக்கையைக் கனமாக்கி, முடிவுரை எழுதியவர்கள் உண்டு. மூலைக்கு உண்மையான வளைவு ஆரம் கொடுங்கள். அதோடு, மெல்லிய தோல் உள்ள இறக்கை பல நேரம் உலோகம் விட்டுக்கொடுக்கும் முன்பே நெளிந்துவிடும். அந்த நெளிவை, அதாவது பக்ளிங்கை, பார்க்காமல் தகைவு மட்டும் பார்த்த தீசிஸ் பாதி தீசிஸ்.

விண்ட் டனல் புள்ளிகளுக்குப் பிழைக்கோடு போடாதது

போடுங்கள்.

கைடிடம் நல்ல படத்தை மட்டும் காட்டுவது

கெட்ட படத்தை முதலில் காட்டுங்கள். அவர் இருப்பதே அதற்குத்தான்.

அலகையும் அச்சையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

1999 செப்டம்பரில் நாசாவின் செவ்வாய் விண்கலம் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்த கதை எல்லாருக்கும் தெரியும். தரைநிலைய மென்பொருள் உந்தத்தைப் பவுண்டு-விநாடியில் தந்தது, வழிச்செலுத்தல் குழு அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. 4.45 மடங்குப் பிசகு. கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டு அதே வாரம் குவாட்டர்னியனில் (சுழற்சியைக் குறிக்கும் நான்கு எண்கள்) ஸ்கேலர் முதலிலா கடைசியிலா என்று பார்க்காமல் இரண்டு நிரல்களை ஒட்டுகிறார்கள். ஒன்றில் இசட் அச்சு கீழ்நோக்கி, மற்றதில் மேல்நோக்கி. கண்ட்ரோலர் ட்யூனிங் சரியில்லை என்று வாரக்கணக்கில் கெயினைத் திருகுவார்கள். தெரிந்த ஓர் அச்சைச் சுற்றி 90 டிகிரி திருப்பி, மூக்கு எங்கே போகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

சீனியரின் நிரலை அப்படியே எடுத்து ஓட்டுவது

ஏரியன் 5 ராக்கெட் முதல் முறை பறந்தது 1996 ஜூன் 4. சுமார் 40 விநாடிகளில் திசை தவறிச் சிதறியது. ஏரியன் 4-இலிருந்து எடுத்து வைத்த வழிகாட்டு மென்பொருளில், கிடைமட்ட வேகத்தோடு தொடர்புள்ள ஒரு 64 பிட் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடம் இருந்தது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளராது; புதியதில் வளர்ந்து வழிந்தது. பறக்கத் தொடங்கிய பிறகு அந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை என்பது இன்னொரு கொடுமை.

உங்கள் சீனியரின் நிரலும் அவருடைய மாக் எண்ணுக்கும், அவருடைய உயரத்துக்கும், அவருடைய அவசரத்துக்கும் எழுதப்பட்டது. கைக்கு வந்ததும் அவர் தீசிஸில் உள்ள ஒரு வரைபடத்தை அதே நிரலால் மறுபடி வரவழையுங்கள். வரவில்லையென்றால் மேலே கட்டாதீர்கள். வந்தால், உள்ளே எங்கெல்லாம் எண்கள் நேரடியாக அடித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று தேடுங்கள். காற்றடர்த்தி 1.225 என்று ஒரு மூலையில் கட்டாயம் இருக்கும். உங்கள் விமானம் பறப்பது கடல் மட்டத்தில்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.